மேற்கு ஓரத்துக் காற்றாடி

முருகேசன் அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலையில், தேவதானத்தில் அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து விழுந்து...

உடம்பு இன்னும் ராஜபாளையம் ஜிஎச்சில்தான் இருக்கிறது. நான் அவர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். தப்பு இருந்தால் மன்னியுங்கள்.

மில்லில் நானும் அவரும் ஒரே ஷிப்ட், எலக்ட்ரிகல் செக்‌ஷன். பிறகு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் வைண்டிங் கடை போட்டேன். அவர் ரிட்டயர் ஆன பின் வாரம் ஒருமுறை கடைக்கு வந்து, என் வேலையில் குறை சொல்லிவிட்டுப் போவார்.

அவர் மனைவி பேச்சி மதினிக்கு நுரையீரல் கெட்டுப்போய் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின். கரண்ட் இருந்தால்தான் மூச்சு.

ஆடிக் காற்று வந்தால் எங்கள் பக்கம் எங்காவது மரம் விழுந்து லைன் அறுந்துவிடும். இன்வெர்ட்டர் பேட்டரியும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்...

ஒருநாள் கடையில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஏலே, காத்து அடிக்கப் போய்த்தான கரண்டு போகுது? அந்தக் காத்தையே பிடிச்சு பேட்டரிக்கு விட்டா என்ன?"

கிறுக்குத்தனம் என்று சிரித்தேன். அடுத்த வாரமே காயலான் கடையில் பழைய வாஷிங் மெஷின் மோட்டார் வாங்கி வந்துவிட்டார். பிவிசி பைப்பைக் கிழித்து இறக்கை; காற்று இறக்கையைச் சுற்றினால் மோட்டார் கரண்ட் தரும்.

கம்பத்தை எங்கே நடலாம் என்றார். "மேற்கு ஓரத்துல வைங்கண்ணே, மலைக்காத்து தடையில்லாம வரும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். அந்த ஓரத்தில் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான் என்று தெரிந்தும் சொன்னேன்.

கரண்ட் போயும் மெஷின் நிற்காமல் ஓடிய அன்று, மதினி மூக்குக் குழாயோடு சிரித்தார்கள். "இந்த மனுசன் காத்தப் பிடிச்சு எனக்கு மூச்சா தாராராம் தம்பி. இத்தன வருசத்துல ஒரு நல்ல சேலை எடுத்துத் தரத் துப்பில்ல." அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

காற்று மிஞ்சினால் இறக்கை பிய்ந்துவிடும். கீழேயிருந்தே நிறுத்த ஒரு பிரேக் ஸ்விட்ச் வேண்டும்... மோட்டாரின் மூன்று ஒயரையும் ஒன்றாகச் சேர்த்தால் சுற்று நின்றுவிடும், அவ்வளவுதான் வேலை. கண்ணில் புரை வந்த பிறகு ஒயரிங்கை அவர் என்னிடம்தான் விடுவார்.

"ஞாயித்துக்கிழமை வாரேண்ணே" என்றேன். மூன்று ஞாயிறு போய்விட்டது. அதுவரை காற்று மிஞ்சும்போதெல்லாம் அவர் ஓரத்தில் நின்று எட்டி, இறக்கையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வருவியாலே?" கடைசியாக போனில் கேட்டது அதுதான்.

நேற்றும் கயிறு போடத்தான் ஏறியிருக்கிறார்.

இன்று காலை, காற்று கொஞ்சம் அடங்கியபோது அவர் தம்பி மேலே போய் இறக்கையைத் துண்டால் இறுக்கிக் கட்டினார். "ஆள முழுங்கிட்டு இன்னும் சுத்துது பாரு, சனியன்." யாரும் தடுக்கவில்லை. நானும்தான்.

மதியம் இன்வெர்ட்டர் பீப் அடிக்க ஆரம்பித்தது. விடிந்ததிலிருந்தே கரண்ட் இல்லை என்பதை அழுகையில் எல்லோரும் மறந்திருந்தோம். ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி, ரோட்டில் விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறதாம்.

மதினிக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. மாடியைக் கை காட்டினார்கள். "அவுக வச்சதுய்யா... அவுத்து விடு."

ஏறினேன். அவர் நின்ற அதே ஓரம். அவருடைய ஒற்றைச் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

துண்டை அவிழ்த்தேன். அதை உடைத்துப் போட வேண்டும் போல இருந்தது எனக்கு... ஆனால் சுத்து, சுத்து என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

சுற்றியது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே பீப் நின்றது.

அண்ணே, ஸ்விட்ச் மூன்று வாரமாக என் பையிலேயே இருந்தது. இப்போதுதான் மாட்டி முடித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இனி யாரும் மேலே ஏறிக் கட்ட வேண்டாம். போயிட்டு வாங்கண்ணே.