நாலு பேருக்குப் பதிந்த கால்ஃப் விடுமுறை

அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் பயணத்துக்கு வரவில்லை. கல்கத்தாவில், டாக்குரியாவில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் மேலே குடியிருந்த தாதா அவர். தாதா என்றால் இங்கே அண்ணன். சென்னையிலிருக்கும் என் சித்தி பெண்ணுக்கு இதை எத்தனை தடவை விளக்கினாலும், "உங்க தாதா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அவருடைய மனைவியை நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவோம்.

தாதா ஒரு தேயிலை கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு அப்புறம் கால்ஃப் பித்து பிடித்தது. என் கணவர் பாங்க் வேலையை முடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்ததும் அவரையும் இழுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார்கள். பௌதி அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் போகும்போது மாடியில் கதவு சாத்தப்படும் சத்தம் எங்கள் கூடம்வரை கேட்கும்.

போன வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் தாதா கீழே வந்து ஃபோனில் படங்கள் காட்டினார். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு ரிசார்ட். பகலில் கால்ஃப், ராத்திரிக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதச் சாப்பாடு. நாலு பேருக்கு ஜனவரியில் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னார்.

"உங்க ஊர்தானே. நீதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்" என்றார் என்னிடம்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தாவிலேயே, லேக் மார்க்கெட் பக்கம். அதைச் சொல்லி அவர் உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாமென்று இருந்துவிட்டேன்.

லட்சுமி பூஜைக்கு மறுநாள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. கனடாவிலிருந்து மகன் வந்து காரியங்களைச் செய்துவிட்டுத் திரும்பிப் போனான்.

ரிசார்ட்டுக்கு எழுதி ரத்து செய்யலாம் என்று என் கணவர் மேலே போய்ச் சொன்னார். பௌதி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாராம்.

"எதுக்கு ரத்து? நான் வரேன். அவர் இடத்துல நான் ஆடறேன்."

"உங்களுக்கு ஆடத் தெரியாதே பௌதி."

"அவரும் தெரிஞ்சுண்டா பொறந்தார்?"

கனடாவிலிருந்து மகன் ஃபோனில் வாதாடிப் பார்த்தான். பௌதி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அங்கே பனி எப்படி என்று விசாரித்தார். தாதாவின் கால்ஃப் பை பௌதியின் தோள் உயரம் இருக்கும். அதையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினோம்.

ரிசார்ட் கார் ஓட்டிவந்தவர் என் தமிழைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மேடத்துக்கு கேரளாவா?" என்றார். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை புல்வெளிக்குப் போனோம். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல். கொடிகள் காற்றில் வளைந்து நின்றன. மயில்கள் மனுஷர்களைச் சட்டை செய்யாமல் நடந்தன. பழகாதவர்கள் நேராக மைதானத்தில் இறங்க முடியாது என்று என் கணவர் பௌதியிடம் விதிகளை எடுத்துச் சொன்னார். விதி என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். பௌதி மறுக்காமல், பந்தடித்துப் பழகும் இடத்துக்குப் போனார். நான் நிழலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பயிற்சியாளர் பொறுமைசாலி. கையை இப்படிப் பிடியுங்கள், தலையைத் தூக்காதீர்கள் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். பௌதி வீசிய வீச்சில் புல் பறந்தது, மண் பறந்தது. பந்து அசையவில்லை. நாலைந்து தடவை இப்படி ஆனதும் பௌதி வங்காளியில் பேச ஆரம்பித்தார். பயிற்சியாளரிடம் அல்ல.

"இதுக்குத்தானா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னைத் தனியா விட்டுட்டு இதுக்குத்தான் ஓடினயா? இந்தத் துக்கிணியூண்டு பந்துக்கா?"

ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு திட்டு. வீட்டில் அவர் குரலை இவ்வளவு உயர்த்தி நான் கேட்டதில்லை. மேடம் என்ன சொல்கிறார் என்று பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். "கணவரோட பேசறாங்க" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் புரிந்ததோ என்னவோ, இன்னொரு கூடை பந்தைக் கொண்டுவந்து பௌதி பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

ஒரு பந்து எழும்பியது. நன்றாகவே எழும்பி, சவுக்குத் தோப்புக்குள் எங்கோ போய் விழுந்தது. பௌதி அது போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மட்டையைப் பையில் சொருகிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"மோசமில்லை" என்றார். ஆட்டத்தையா, அடித்ததையா, தெரியவில்லை.

என் கணவர் தனியாகத்தான் ஆடினார். வெயிலோடு திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. என்ன ஆச்சு என்றேன்.

"ஒண்ணுமில்ல. நான் அடிச்சுட்டு ஒவ்வொரு தடவையும் ஒதுங்கி நிக்கறேன், அவர் அடிக்கறதுக்காக. பின்னாடி வரவா கத்தறா."

அவ்வளவுதான் சொன்னார். தாதா போனதிலிருந்து அதைப் பற்றி அவர் பேசியது அன்றுதான்.

முதல் ராத்திரி வாழையிலைச் சாப்பாடு, அடுத்தது இத்தாலிய வகை. கடைசி ராத்திரி கடற்கரையிலேயே மேஜை போட்டு மீன் விருந்து. தாதா போனதிலிருந்து பௌதி மீன் தொடவில்லை. வருஷம் முடியும்வரை தொடக்கூடாது என்று ஷியாம்பஜாரிலிருக்கும் அவருடைய நாத்தனார் சொல்லியிருந்தார். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று மகன் சொன்னான். பௌதி இரண்டு பேரிடமும் விவாதிக்கவில்லை. பசியில்லாதவருக்கு எது இருந்தால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சமையல்காரர் ஐஸ் பரப்பிய மேஜையில் மீன்களை அடுக்கி வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சைவம்; எங்களுக்குத் தனியாகத் தயிர்சாதம் வந்துவிட்டது. பௌதி எழுந்து ஐஸ் மேஜைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"எப்போ பிடிச்சதுன்னு கேளு."

கேட்டேன். விடியற்காலை என்றார் சமையல்காரர்.

"இது என்ன மீன்னு கேளு."

"கொடுவா" என்றார் அவர்.

எனக்கு மீன்களின் பெயர் வங்காளியில்தான் தெரியும். பக்கத்து வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகியது. தமிழில் ஒரு மீன் பெயரும் தெரியாது. கொடுவா என்றால் என்னவென்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே பௌதி சொன்னார்:

"கொடுவாவாம். இது நம்ம பேட்கி!"

மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி, கடுகெண்ணெயில் பொரிக்கச் சொன்னார். கடுகெண்ணெய் இல்லை, நல்லெண்ணெய்தான் இருக்கிறது என்றார் சமையல்காரர். இதை மொழிபெயர்த்ததும் பௌதி முகம் போன போக்கைப் பார்த்து சமையல்காரரே சிரித்துவிட்டார். கடைசியில் ஏதோ ஒரு எண்ணெயில் பொரிந்து வந்தது.

பௌதி சாப்பிட ஆரம்பித்தபோது ஃபோன் அடித்தது. நாத்தனார். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். இடது கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன பண்ணிண்டிருக்கே?"

"மீன் சாப்பிடறேன், தீதி."

அந்தப் பக்கம் ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

"பேட்கி பரவாயில்லை" என்றார் பௌதி எங்களிடம். "கறிவேப்பிலையை மட்டும் போடாம இருந்திருக்கலாம்." ஆனால் முழுசாகச் சாப்பிட்டார், தலை உள்பட. என் கணவர் தட்டைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு தயிர்சாதத்தை முடித்தார்.

நாத்தனார் ரொம்ப நாள் பேசவில்லை. வருஷாப்திக்கு வந்தபோது பேசினார், மீன் விஷயத்தை மட்டும் எடுக்கவில்லை. பௌதி சில ஞாயிற்றுக்கிழமைகள் என் கணவரோடு கால்ஃப் மைதானத்துக்குப் போனார். பிறகு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, அலுப்பாகவும் இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். அந்தப் பையை தாதாவின் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது பௌதி வரும் மார்ச்சில் எங்கேயோ மலைப்பக்கம் போகிறாராம், பள்ளித் தோழிகளோடு. மீன் நன்றாகக் கிடைக்கும் இடமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். எங்களைக் கூப்பிடவில்லை.