சிவப்பு வராத டி.வி.

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலம். வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை. என்னோடு உட்கார்ந்து பீடி சுற்றுவாள். அடுத்த வீட்டு அக்கா. டி.வி. பார்க்க வருவாள், பார்ப்பதைவிடப் பேசுவது அதிகம். இரண்டாம் வகுப்புப் படித்த என் மகள். அப்புறம் நான்.

கலர் டி.வி. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, என் பீடி போனஸையும் போட்டு வாங்கியது. அவருக்கு இதில் இஷ்டமே இல்லை.

"எதுக்குட்டி? ரெண்டுலயும் அதே ஆளுதான வந்து ஆடப்போறான்?" என்றார்.

நான் ஒரு பொருளைக் கேட்டு வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை அவர். இதை மட்டும் வேண்டாம் என்றார். பணத்தை வேறு எதற்கோ நினைத்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அதனாலேயே பிடிவாதமாக வாங்கினேன்.

வாங்கிய பிறகு தெரிந்தது, பீடி சுற்றுகிறவளுக்குக் கலர் டி.வி. ஆகாது. கறுப்பு வெள்ளை ஓடும்போது காதால் கேட்டுக்கொண்டே சுற்றுவோம். கை தன்பாட்டில் ஓடும். கலர் வந்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. கையும் நின்றுவிடுகிறது. நனைத்து வைத்த பீடி இலை காய்ந்துபோகும். இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை இன்னொன்று நடந்திருந்தது. பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆற்றுப்பாலத்தில் மராமத்து வேலை. பாதிப் பாலம்தான் திறந்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். இரண்டு முனையிலும் கொடி பிடித்து ஆள் நிற்பார்கள். சிவப்பு காட்டினால் நிற்க வேண்டும், பச்சை காட்டினால் போக வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் மகள் வந்து சொன்னாள்.

"அம்மா, செவப்புக் கொடி காட்டும்போதே அப்பா வேனை விட்டுட்டாவ. எதுக்க லாரி வந்துட்டு. பெறவு ரிவர்ஸ்லயே வந்தோம். எல்லாரும் கத்துனோம்."

"பச்சதான் காட்டுனான்" என்றார் அவர். "குடிச்சிட்டு நின்னிருப்பான்."

"இல்லப்பா, செவப்புதான்."

"பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத" என்று நான்தான் அவளை அதட்டினேன். பன்னிரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவரா பொய் சொல்வார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று படத்தின் நிறம் மாறியது. ஆடுகிறவளின் முகம் பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. உதடு கறுப்பு. நெற்றிப் பொட்டும் கறுப்பு.

"ஏட்டி, இது என்ன, ஆத்துல மெதந்த பொணம் எந்திரிச்சு ஆடுத மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா.

நாத்தனார் எழுந்து போய்ப் பெட்டியின் தலையில் தட்டினாள். மாறவில்லை.

"பழைய டியூபைப் போட்டுப் புதுசுன்னு தள்ளிட்டான். அவன் சிரிக்கும்போதே நெனச்சேன்" என்றாள் அக்கா. டி.வி. விற்ற கடைக்கார அண்ணாச்சியைச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாத்தான தெரியுது" என்றார்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"தம்பிக்குக் கடைக்காரன் மச்சான் மொறையோ?" என்றாள் அக்கா.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அந்தப் பேச்சு உள்ளே இறங்கியது. டி.வி. எடுக்கப் போனபோது அவர்தான் தனியாகப் போனார். அண்ணாச்சியோடு டீ குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். வேண்டாம் வேண்டாம் என்றவர் கடைசியில் சட்டென்று சம்மதித்ததும் அன்றைக்குத்தான். மட்டமான பெட்டியைத் தலையில் கட்ட இவரும் உடந்தையோ?

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிக் கடைக்குப் போனேன்.

"எம்மா, பைய பேசு. சாமான் வாங்க ஆளு நிக்கி" என்றார் அண்ணாச்சி.

பைய பேசச் சொல்கிறவனிடம் தப்பு இருக்கும் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன். அவர் கடையை ஆளிடம் விட்டுவிட்டு, எனக்கு முன்னாலேயே மொபெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

பெட்டியைத் திருப்பாமல், பின்பக்கமாகப் போய் உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். நான் பக்கத்திலேயே நின்றேன். நல்ல சாமானை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார் என்று கையையே பார்த்தேன்.

"எம்மா, இப்படிக் கண்ணு கொட்டாமப் பாத்தா எனக்குக் கை நடுங்குதுல்லா. ஒரு காப்பி போட்டுக் கொண்டா."

அடுப்படிக்குப் போகும் முன் வீட்டுக்காரரிடம் காதோடு சொன்னேன். "எதையும் எடுக்காமப் பாத்துக்கிடுங்க." அவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். நாத்தனார் பீடிக் கடைக்குப் போயிருந்தாள். மகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். திரைக்கு முன்னால் அவர் ஒருவர்தான்.

பெட்டிக்குப் பின்னால் இருக்கிறவருக்குப் படம் தெரியாது. முன்னால் இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். அடுப்படியில் எனக்குக் குரல் மட்டும் கேட்டது.

"இப்ப செவப்பு வந்துட்டாவே?"

"இல்ல."

"இப்ப?"

இவர் செருமுவது கேட்டது.

"வந்துட்டு" என்றார் இவர்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்."

"வந்துட்டுங்கேன்லா."

மூடி வைத்து ஸ்க்ரூ முறுக்கும் சத்தம் கேட்டது. நான் காப்பியோடு வந்தேன். படத்தில் அதே பாசி முகம். ஒன்றும் மாறவில்லை. இவர் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி முன்னால் வந்தார். "என்னவே, வந்துட்டுன்னீரு? பச்சப் பசேல்னு கெடக்கு! வெளாடுதீரா?"

"முன்னைக்குத் தேவலன்னு பட்டுது."

சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற அக்கா சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

அண்ணாச்சி திரும்பவும் மூடியைக் கழற்றினார். "எம்மா, நீ நின்னு சொல்லு."

நின்றேன். ஏதோ ஒரு இடத்தில் ஈயம் வைத்துச் சூடு காட்டினார். திரையில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்குச் சட்டென்று ரத்தம் வந்தது. பொட்டு சிவந்தது.

"வந்துட்டு அண்ணாச்சி" என்றேன்.

சொல்லும்போது நான் திரையைப் பார்க்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தேன். சிவப்பு வருவதற்கு முன்னாலும் வந்த பிறகும் அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் சொன்ன பிறகுதான் "ஆமா, வந்துட்டு" என்று தலையை ஆட்டினார்.

வண்டியில் குலுங்கி வந்ததில் கம்பியைப் பற்றவைத்த ஈயம் விட்டிருக்கிறது, டியூப் புதுசுதான் என்றார் அண்ணாச்சி. கம்பெனி ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்ததைத் தொட்டுக் காட்டினார். காசு எதுவும் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, "இவருக்கு முருங்கக் கீர ஆஞ்சு போடும்மா, கண்ணுக்கு நல்லது" என்று சிரித்துக்கொண்டே போனார். அண்ணாச்சிமேல் வைத்திருந்த சந்தேகம் அதோடு போயிற்று. இன்னொரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

நான் ஒரு கம்பெனிக்குப் பீடியில் சிவப்பு நூல் கட்டினேன். நாத்தனார் வேறு கம்பெனிக்குப் பச்சை நூல் கட்டினாள். கடையில் நூல் வாங்கி வரச் சொன்னால் அவர் மாற்றித்தான் வாங்கி வருவார். பொம்பளை வேலைக்கு அனுப்புகிறோம் என்று வேண்டுமென்றே செய்கிறார் என்று பல தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

அக்கா போன பிறகு கதவைச் சாத்தினேன். இரண்டு நூலிலும் ஒரு முழம் வெட்டி அவர் முன்னால் தரையில் வைத்தேன்.

"என் நூல் எது?"

"நூல்கண்ட எடுத்துட்டு வா. ஒன்னுது பாதி தீந்துருக்கும்."

"கண்டு வேண்டாம். இதுல எதுன்னு சொல்லுங்க."

குனிந்து பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு இரண்டையும் கீழே வைத்தார்.

"விடுட்டி" என்றார்.

"எம்புட்டு நாளா?"

"சின்னதுலருந்தே."

"பெறவு எப்படி வண்டி ஓட்டுதீங்க?"

"நம்ம ஊருல ஏது வெளக்கு? ரயில் கேட்டு அடச்சா நிப்பேன். முன்ன போறவன் நின்னா நிப்பேன். அவன் போனாப் போவேன்."

"புதன்கெழம?"

அவர் இரண்டு நூலையும் விரலில் சுற்றினார்.

"அன்னைக்கு எனக்கு முன்ன யாரும் இல்ல."

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்காரவில்லை.

"திங்கக்கெழம வேனை எடுக்கக் கூடாது" என்றேன்.

"ஒன் பீடிய வச்சு நாலு பேரு திம்போமா?"

"திம்போம்."

"யாருக்குத் தெரியும்? ஒனக்கும் எனக்கும்தான தெரியும்?"

"ஒங்க மவளுக்குத் தெரியும்" என்றேன். "அவ புதன்கெழமயே சொன்னா."

வேன் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். சாவியை எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் அந்தச் சாவியைக் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. சாயங்காலம் டி.வி.யில் படம் போட்டார்கள். அவர் உள்ளே வந்து உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார். காக்கிச் சட்டையைப் போட்டார். என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

நான் கொடுக்கவில்லை.

"ஓட்டுததுக்கு இல்ல. பள்ளிக்கூடத்துல ஒப்படைக்கணும்லா."

அதையும் நான் நம்பவில்லை. "நடங்க. நானும் வாரேன். அங்கன வச்சுத் தாரேன்" என்றேன்.

தெருமுனையில் பிள்ளைகள் பையோடு நின்றார்கள். இன்றைக்கு வேன் இல்லை, நடந்து போவோம் என்றோம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெற்றவர்களுக்கு எரிச்சல். "வண்டிக்கு என்ன கேடு?" என்று ஒருவர் கேட்டார். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்" என்றார் இவர்.

பாலத்து முனையில் கொடிக்காரர் கொடியைத் தூக்கினார். இவர் மகளின் கையைப் பிடித்திருந்தார். குனிந்து அவளிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், எனக்குக் கேட்டது.

"என்ன கொடிம்மா?"

"செவப்பு."

நின்றார். பிள்ளைகளும் நின்றார்கள். எதிரே மணல் லாரி ஒன்று வந்து, பாதிப் பாலத்தையும் அடைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. கைப்பிடிச் சுவர் அதிர்ந்தது. நடந்து போகிறவன் ஒதுங்கவே இடம் இல்லை. புதன்கிழமை வேன் எப்படி ரிவர்ஸில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"இப்ப பச்சப்பா" என்றாள் மகள். நடந்தோம்.

பள்ளிக்கூடத்தில் சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன்; பள்ளிக்கூடத்தை நடத்துகிற பெரியவர் முன்னால் இவரே வைத்தார். "கண்ணு சரியில்ல சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு வருஷம் கஷ்டம்தான். பிறகு நெல் மண்டியில் மூட்டை எடை போடும் வேலை கிடைத்தது. இப்போதும் அதுதான்.

அடுத்த சில வருஷத்தில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கறுப்பு வெள்ளையை மாற்றினார்கள். கலர் வாங்கலாமா, போட்ட காசுக்குத் தகுமா என்று என்னிடமும் கேட்டார்கள். எனக்குப் படத்தைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. இலை காய்ந்து எனக்கு நஷ்டம்தான். ஆனால் அந்தப் பெட்டி வராமல் இருந்திருந்தால், மறுபடி ஒரு நாள் பிள்ளைகளோடு போகும்போது அவருக்கு முன்னால் வண்டி இல்லாமல் இருந்திருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் நின்று, எங்களோடு நடந்து வந்து உள்ளே போகிற வேன் பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எண்ணியது இல்லை. என் மகளையும் சேர்த்து இருபத்திமூன்று.