ஹனுக்காவுக்குப் புதுப் பாட்டு

பர்மாவின் பசுந்தாங் பேட்டையில் பெர்சிஸைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. தமிழ்ச் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனையோ, கோயில் தெருவில் வளைகாப்போ, பர்மியர் வீட்டு அன்னதானமோ, எதுவானாலும் பாட்டுப் போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். சபையில் ஆர்கன் வாசிக்கத்தான் அப்பா ஆபிரகாம் அவளைப் பாட்டு வாத்தியாரிடம் அனுப்பினார். வாசிப்பு சுமாராகத்தான் வந்தது. ஆனால் எந்தப் பாட்டுக்குப் பின்னால் எதைப் போட்டால் கூட்டம் கலையாது என்பது அவளுக்குப் பிறவியிலேயே அமைந்திருந்தது. "ஒரே சுருதியில மூணு பாட்டு வந்தா காது மரத்துப்போகும்" என்பாள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி டேவிட் பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. அவனை ஆளாக்குவதிலேயே அவளுக்குக் கல்யாண வயது கடந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அவன் வளர்ந்து ஸ்பீக்கர் தூக்கினான், வயர் இழுத்தான், அவளுக்குத் தெரியாத பாட்டெல்லாம் கொண்டுவந்தான். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கல்யாணங்கள் சுருங்கின. பிறகு கட்டாயப் படைச் சேவைச் சட்டம் வந்தது. டேவிட்டுக்கு இருபத்தைந்து வயது. பொழுது சாய்ந்தால் அவனை வெளியே விடமாட்டாள். பகலிலும் பஸ் ஏறினால் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அந்த நவம்பரில் ஃப்ளோரா மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தாள். நகரத்தில் மிஞ்சியிருந்த சில யூதக் குடும்பங்களில் ஒன்று அவளுடையது. முன்னோர்கள் பாக்தாத்திலிருந்து கல்கத்தா வழியாக வந்தவர்கள். இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்கு மேலே கூடத்தில் வருஷா வருஷம் ஹனுக்கா கொண்டாடுவாள். எட்டு இரவு, முதல் நாள் ஒரு விளக்கு, மறுநாள் இரண்டு என்று ஏற்றும் பண்டிகை. அக்கம்பக்கத்து முஸ்லிம், இந்து, பர்மியர் எல்லாரும் வந்து எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுப் போவார்கள்.

"அதே அஞ்சு பாட்டு, பெர்சிஸ். என் கல்யாணத்துக்கு முன்னாலேருந்து அதே சிடி. வர்றவங்க என்னைவிட நல்லாப் பாடுறாங்க" என்றாள் ஃப்ளோரா. "இந்த வருஷம் புதுசா வேணும். வேற வேற ஊர்ப் பாட்டா இருக்கட்டும். குழந்தைப் பாட்டு மட்டும் வேண்டாம். எங்கள்ல இப்ப குழந்தையே இல்ல."

"எப்ப ஆன்ட்டி?"

"அதுதான் உன்கிட்ட கேட்கவே கூச்சமா இருக்கு. இந்தத் தடவை முதல் விளக்கு உங்க கிறிஸ்துமஸ் அன்னிக்குச் சாயங்காலம் விழுது."

காலையில் ஆராதனை முடிந்துவிடும், சாயங்காலம் வருகிறேன் என்று பெர்சிஸ் ஒப்புக்கொண்டாள். கையில் வேறு வேலையும் இல்லை.

வேலை அவள் நினைத்ததுபோல் லேசாக இல்லை. இணையத்தில் தேடத் தேட வந்ததெல்லாம் பம்பரம் சுற்றும் பாட்டும் பலகாரப் பாட்டும்தான். ஒரே மெட்டை ஐம்பது பேர் பாடியிருந்தார்கள். டேவிட் சிரித்தான். "அக்கா, நம்ம சண்டே ஸ்கூல் தேவலாம்."

பிறகு மெல்ல மெல்ல வழி திறந்தது. துருக்கிப் பக்கத்து யூதர்கள் பழைய ஸ்பானிஷில் பாடிய மெழுகுவத்திப் பாட்டு. கிளாரினெட் அழுதுகொண்டே சிரிக்கும் போலந்துக் கல்யாண மேளம். யேமன் பெண்கள் தகர டின்னைத் தட்டிப் பாடியது. நியூயார்க் இளைஞர்கள் வாத்தியமே இல்லாமல் வாயாலேயே தாளம் போட்டது. பாக்தாத் மெட்டில் ஊத் என்ற நரம்புக் கருவியோடு ஒரு கிழவர் குரல். ஒரு நாள் கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாட்டு ஒன்று அகப்பட்டது. ஹனுக்கா பாட்டா கல்யாணப் பாட்டா என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஆனால் பாதி புரிந்தது. உலகத்தின் எந்த மூலையிலோ தேடப் போய்ச் சொந்தக்காரியைப் பார்த்துவிட்டதுபோல் அதை மூன்று தடவை கேட்டாள்.

எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேண்டுமே. மின்சாரம் நாளில் பாதி நேரம் இல்லை. "மீ லா பீ!" என்று தெருவே கூவினால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம், பாட்டு பாதி இறங்குவதற்குள் மறுபடி போய்விடும். பாட்டு இருந்த தளங்கள் பலவும் தடை செய்யப்பட்டவை. வி.பி.என். போட்டால்தான் திறக்கும். வி.பி.என். வைத்திருப்பதே குற்றம் என்று சாலையில் போனைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

பாலத்துக்கு அப்பால் தாகேதாவில் டேவிட்டின் சிநேகிதன் ஜமால் வீட்டில் சோலார் தகடு இருந்தது. "காலையில போயி மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன்க்கா" என்றான் டேவிட். பெர்சிஸ் தயங்கினாள். பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. "வரும்போது அந்த வி.பி.என்.னை அழிச்சிட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அழிக்க மறந்துவிட்டான்.

மத்தியானம் ஜமால்தான் போன் செய்தான். "அக்கா, பாலத்தடியில பஸ்ஸை நிறுத்தி டேவிட்டை இறக்கிட்டாங்க. பின்னாலயே சைக்கிள்ல போய்ப் பார்த்தேன். சாவடிக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க."

பெர்சிஸ் செருப்பு மாற்றாமல் ஓடினாள். பாதி வழியில்தான் ஃப்ளோராவைக் கூப்பிடத் தோன்றியது. ஏன் என்று கேட்காமல் ஃப்ளோரா கடையை அப்படியே போட்டுவிட்டு டாக்சியில் வந்து சேர்ந்தாள்.

சாவடியில் அதிகாரி ஒருவன் டேவிட்டின் போனை மேசைமேல் வைத்துப் பாட்டை ஓடவிட்டிருந்தான். பாக்தாத் கிழவரின் குரல். டேவிட் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இந்தக் கலாப் பையன் பாட்டுங்கிறான். எந்தப் பாஷை இது? யாருக்கு யார் அனுப்புற செய்தி?" என்றான். இந்திய வம்சத்தாரை இளக்காரமாகச் சொல்லும் சொல் அந்தக் 'கலா'.

"ஹீப்ரு, சார். எங்க பண்டிகைப் பாட்டு. நான்தான் கேட்டேன்" என்றாள் ஃப்ளோரா.

"எந்த மதம்?"

"யூத மதம்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பாட்டை நிறுத்தினான். "உங்க பாட்டுன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். பாடுங்க."

ஃப்ளோராவின் கை கைப்பையை இறுக்கிக்கொண்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கேற்றும் பாட்டைத் தொடங்கினாள். பாடகியின் குரல் இல்லை அது; மேலே போகுமிடத்தில் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. வாசலில் நின்ற சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தான். அவள் முடித்ததும் அதிகாரி போனைத் திரும்ப ஓடவிட்டான். மெட்டு கொஞ்சம் வேறு. சொற்கள் அதேதான்.

"சரி, பாட்டுத்தான்" என்றான். பெர்சிஸுக்கு உயிர் வந்தது. அவன் டேவிட் பக்கம் திரும்பி, ஏதோ விருந்தாளியை விசாரிப்பதுபோல் கேட்டான். "வயசு என்ன சொன்னே? இருபத்தஞ்சா?" பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டான். போனை இழுப்பறைக்குள் போட்டான். "போகலாம். படைக்குத் தேவைப்பட்டா வார்டு ஆளு வந்து கூப்பிடுவாரு."

வெளியே வந்ததும் ஃப்ளோரா அழுதாள். "என்னாலதான் எல்லாம். பழைய அஞ்சு பாட்டே போதும்னு இருந்திருக்கலாம்."

ஆமாம், உன்னால்தான் என்று சொல்ல பெர்சிஸுக்கு நாக்கு நுனிவரை வந்தது. தாகேதாவுக்கு அனுப்பியது தான்தானே என்பதும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு வேகமாக நடந்தாள். ஃப்ளோரா பின்தங்கியதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அன்றிலிருந்து கதவு தட்டும் சத்தமெல்லாம் வார்டு ஆள் சத்தமாகவே கேட்டது. காத்திருந்து பயனில்லை என்று டேவிட் முடிவு செய்தான். எல்லைப் பக்கம் போகும் ஆட்களோடு ஜமால் பேசிவிட்டான். கிறிஸ்துமஸ் தாண்டட்டும் என்று பெர்சிஸ் கெஞ்சினாள்.

"கிறிஸ்துமஸ்லதான்க்கா எல்லாரும் வீட்ல இருப்பாங்கன்னு வார்டு ஆளுங்களுக்கும் தெரியும்."

கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒரு நாள் லோஞ்சிக் கைலியைக் கழற்றிவிட்டுக் கால்சட்டை போட்டுக்கொண்டான். ஒரு தோள்பை. படியிறங்கும்போது நின்றான். "ஆன்ட்டி வீட்டுக்குப் போ. நான் எதுக்கு அடி வாங்கினேனோ அதையாவது போடு."

அவள் போக விரும்பவில்லைதான். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் ஆர்கன் வாசித்தபோதே விரல்கள் தடுமாறின. ஆனாலும் சாயங்காலம் ஸ்பீக்கரைத் தனியாளாகச் சுமந்துகொண்டு கண்ணாடிக் கடை மாடி ஏறினாள். டேவிட் தாகேதாவில் இறக்கியதெல்லாம் போனோடு போய்விட்டது. அவள் கணினியில் மிஞ்சியதை வைத்துத்தான் தொடுத்திருந்தாள். ஃப்ளோரா அவளைக் கண்டதும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

முதல் விளக்கு ஏறியது. மெழுகுவத்திப் பாட்டு, கிளாரினெட், வாய்த்தாளம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்தவர்கள் பலகாரத்தை மறந்து கேட்டார்கள். மலையாளப் பாட்டு வந்தபோது பக்கத்துக் கட்டடத் தங்கமணி அம்மாள் எழுந்தே வந்தாள். "இது நம்ம பக்கத்துப் பாட்டால்ல இருக்கு! இவங்களுக்கு எப்படிப் போச்சு?"

"போகலைங்க. கொச்சியிலயே இருந்தவங்கதான்" என்றாள் பெர்சிஸ்.

கூட்டம் சிரித்தது, ஒருவர் கைதட்டினார். இத்தனை வருஷத்தில் அவள் தொடுத்ததிலேயே அது நல்ல தொடுப்பு. அவளுக்கே அது தெரிந்தது. தெரிந்தும் மனசு ஒட்டவில்லை. கண் போனிலேயே இருந்தது. போன் அடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகரிடம் போய் நின்றாள். பெயர் சொல்லி ஜெபிக்க முடியாது. யார் காது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. போதகர் புரிந்துகொண்டார். "பிரயாணத்தில் இருக்கிற பிள்ளைகளுக்காக" என்று மட்டும் சொன்னார். ஆமென் என்று எழுந்த சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. பெர்சிஸ் தலை நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில், பின்வரிசையில், தூண் ஓரத்தில், முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்ட தாய்மார் எத்தனையோ பேர்.

பொங்கல் சமயத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டான். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கும் வேலை. ஊர்ப் பெயர் சொல்லவில்லை; அவளும் கேட்கவில்லை.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்."

அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை பொய்யா நிஜமா என்று தெரியவில்லை. அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.