சிவப்புப் பென் டிரைவ் எங்கே போனது?

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்கார அக்காவுக்கு ‘விசாரணை அக்கா’ என்று பெயர் வைத்தது பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரனான நான்தான். பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவை நீட்டினால் போதும், “இதுக்கு முன்னாடி இதை எங்க சொருகினீங்க?” என்று ஆரம்பித்துவிடுவார். பதிலை நோட்டில் எழுதிக்கொள்வார். என்னையே கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

ஆனால் ஏற்பாடு கச்சிதம். வாசலில் ஒரு பழைய கம்ப்யூட்டர். வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. அதில் தேறிய கோப்பைத் தன் சிவப்புப் பென் டிரைவில் ஏற்றி, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவார். ஸ்கேன் செய்த கோப்பைத் திருப்பித் தருவதும் அதே சிவப்பு வழியாகத்தான்.

போன மாதம் பள்ளித் தலைமையாசிரியர் வந்தார். அந்தப் பள்ளியின் வேலையில்தான் கடையே ஓடுகிறது.

“உங்ககிட்ட பேப்பரை ஸ்கேன் பண்ணி, பென் டிரைவ்ல வாங்கிட்டுப் போனேன்மா. இப்போ ஸ்கூல் கம்ப்யூட்டர்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிக் கிடக்கு.”

“அதைத் திறக்காதீங்க சார், திறந்தா வைரஸ் இன்னும் பரவும். உங்க கோப்பு மறைஞ்சுதான் இருக்கும், எடுத்துடலாம். எங்கேருந்து வந்துச்சுன்னு நான் பார்க்குறேன்.”

அவர் போனதும் அக்கா நோட்டைப் புரட்டினார். வேடிக்கை பார்க்க நானும் போய் நின்றேன். அந்த வாரம் வந்தவர்கள் பதினோரு பேர். ஒருவர் விடாமல் வாசலில் தேறியிருந்தார்கள்.

“எல்லாம் சுத்தமாத்தான் வந்திருக்கு. அப்புறம் எப்படி?” என்றவர் மேஜையில் கிடந்த சிவப்பைப் பார்த்தார். “இதை மட்டும் நான் கேட்டதே இல்லையே.”

வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஏற்றிக்கொள்ள நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போனதை அவர் ஒப்புக்கொண்டார். அக்கா வாசல் கம்ப்யூட்டரில் சிவப்பைச் சொருகி, முதல்முறையாக அதையும் சோதித்ததும் திரை எச்சரித்தது.

“சொல்லாதீங்கக்கா. ஸ்கூல் வேலை கைவிட்டுப் போயிடும்” என்றேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அக்கா பதினோரு பேரையும் போனில் கூப்பிட்டார். “வைரஸ் என் கடையிலேருந்துதான் வந்திருக்கு. கொண்டாங்க, சரி பண்ணித் தர்றேன்.” தலைமையாசிரியர் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அவரே வந்தார். பென் டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமல், சிவப்பைக் காட்டிக் கேட்டார்: “இது எங்கெல்லாம் போயிட்டு வந்துச்சு?”

அக்கா நோட்டை அவர் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு நாளும் முதல் வரி அக்காவின் பென் டிரைவுக்குத்தான்: ‘சிவப்பு. எங்கும் போகவில்லை. சோதித்தாயிற்று.’

தலைமையாசிரியர் பத்து நாள் வரிகளையும் படித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.