குறிப்புக் கட்டம்

ஜாபேஸ் கெட்டிக்காரன் என்று பாளையங்கோட்டையில் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தவன் நான். எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் அவனைச் சேர்த்துவிட்டவனும் நான்தான். ஆகவே இந்தப் பாவத்தில் எனக்கும் பாதி உண்டு.

இன்பமணி டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு சபைப் பிள்ளைகளுக்கு வரன் பார்த்துக் கொடுக்கிறார். அவருக்கு ஜாபேஸ் ஜாங்கோ என்ற மென்பொருளில் ஒரு இணையதளம் கட்டினான். டேட்டாபேஸில் இருக்கும் பெண்ணின் விவரத்தை ஜேசான் என்ற வடிவத்துக்கு மாற்றி, கேட்கும் வீட்டாரின் போனுக்கு அனுப்ப வேண்டும். எதையெல்லாம் அனுப்பலாம் என்று பட்டியல் போடுவது ஒரு முறை. எதை அனுப்பக்கூடாது என்று போடுவது இன்னொரு முறை. இரண்டாவதில் வேலை குறைவு. போன் நம்பர், முகவரி இரண்டை மட்டும் விலக்கிவிட்டு அப்படித்தான் எழுதினான். சரிபார்க்க வேண்டிய நான் மேலோட்டமாகப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஆறு மாதம் கழித்து டீச்சர் வந்தார். "ஏலே ஜாபேஸ், எனக்கு மட்டும் தெரியுத மாதிரி ஒரு குறிப்புக் கட்டம் வச்சுத் தாலே."

ஐந்தே நிமிடத்தில் வைத்துக் கொடுத்தான். விலக்கும் பட்டியலில் அதைச் சேர்க்க மறந்துவிட்டான். போனில் தெரியும் பக்கமோ, வருவதையெல்லாம் வரிசையாகக் காட்டிவிடும்.

டீச்சர் எழுதிய குறிப்புகளில் ஒன்று ஜாபேஸின் அக்கா ஸ்டெபியைப் பற்றியது. எங்கள் சபைக் கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்து அறிவித்த பிறகுதான் கலியாணம். ஸ்டெபிக்கு நாலு வருஷம் முன்பு இரண்டாவது ஞாயிறோடு நின்றுபோனது. 'ஓலை வாசித்து நின்றது. பெண்ணுக்கு வலிப்பு, மாத்திரை உண்டு' என்று டீச்சர் எழுதியிருந்தார்.

இப்போது அவளுக்கு நாங்குநேரியில் ஒரு வரன் கூடிவந்திருந்தது. சனிக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா ஜாபேஸ் வீட்டுக்குப் போன் செய்தார். "மறைச்சுக் கெட்டிக்குடுக்கப் பாத்தியளோ?" அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

போனில் என்ன தெரிகிறது என்று ஜாபேஸ் அப்போதுதான் எடுத்துப் பார்த்தான். அன்றே எல்லாவற்றையும் மாற்றி எழுதினான். அனுப்பலாம் என்று ஏழு விவரங்கள். மற்ற எதுவும் வெளியே போகாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இந்த முறை வரிவரியாகச் சரிபார்த்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

அவனோடு வீட்டுக்குப் போனேன். "எடுத்துட்டேன்க்கா. இனிமே யாருக்கும் போவாது" என்றான்.

ஸ்டெபி திட்டவில்லை. சனிக்கிழமைக்கென்று தேய்த்து வைத்திருந்த சேலையை எடுத்து பீரோவுக்குள் வைத்தாள்.

"மாப்பிள்ளைகிட்ட நானே நேர்ல சொல்லணும்னு இருந்தேம்லே. எப்படி ஆரம்பிக்கணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்."