முழங்கையைப் பிடித்தவள்

மந்திரித்த கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு லேபுக்கு வருகிறவர்களிடம், "அதக் கழட்டுங்க, நரம்பு தெரிய மாட்டேங்குது" என்று அதட்டுகிற ஆள் நான். கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக ரத்தப் பரிசோதனை செய்கிறேன். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று கூட்டிக்கொண்டு வந்த ஆட்களுக்கெல்லாம் டைபாய்டோ மஞ்சள் காமாலையோதான் இருந்திருக்கிறது, ஒருத்தருக்குக்கூட ரிப்போர்ட்டில் பேய் வந்ததில்லை. நான் இப்போது சொல்லப்போவதை வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால், முதலில் அவருக்கு ஒரு சுகர் டெஸ்ட் எடுத்திருப்பேன். நீங்களும் அப்படி நினைத்தால் தப்பில்லை. ஆனால் இது நடந்தது, பட்டப்பகலில், பத்துப் பேர் இருந்த இடத்தில் நடந்தது.

என் வீட்டுக்காரர் முருகேசன் திராட்சை விவசாயி. கல்யாணமாகி இருபது வருடத்தில் எங்களுடைய சுற்றுலா என்றால் சுருளி அருவி, அதை விட்டால் குமுளி, அவ்வளவுதான். மதுரையில் காலேஜ் படிக்கிற எங்கள் மகள்தான் பிடிவாதமாக எல்லா ஏற்பாட்டையும் செய்து, அனுமதிக் காகிதமெல்லாம் வாங்கி, எங்களை லட்சத்தீவுக்கு அனுப்பிவைத்தாள். கடலைப் பார்க்க மலையேறிப் போன ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம். குமுளி ஏறி, இறங்கி, கொச்சி போய், அங்கிருந்து தீவுக்கு.

சின்னத் தீவு. ஒரே நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் தங்க விடுகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது, ஒரு மிட்டாய்க் காகிதம் என்றாலும் நாம்தான் திரும்ப எடுத்துவர வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மறுநாள் காலை எங்களையும் இன்னும் எட்டுப் பேரையும் படகில் ஏற்றி, தண்ணீருக்குள் முகத்தை வைத்து மீன் பார்க்கக் கூட்டிப்போனார்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, வாயில் மூச்சுவிட ஒரு குழாய், உடம்பில் ஆரஞ்சுக் கலர் லைஃப் ஜாக்கெட். வழிகாட்டி ரஹீம் என்பவர், அந்தத் தீவுக்காரர், மலையாளம் பேசினார். கேரள எல்லைப்பக்கம் இருக்கிறவர்களுக்கு மலையாளம் புரியாமலா போகும், அவர் சொன்னதை மற்றவர்களுக்கு நான்தான் தமிழில் எடுத்துச் சொன்னேன். பவளத்தை மிதிக்கக் கூடாது, தொடக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம் மாதிரி இருக்கிறது, உள்ளே தண்ணீர் அமைதியானது, வெளியே பெருங்கடல். வளையத்தில் ஓரிடத்தில் படகு போகிற திறப்பு உண்டு. கடல் வற்றுகிற நேரத்தில் உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் இழுத்துக்கொண்டு ஓடும், அதனால் மிதவை கட்டிய கயிற்றைத் தாண்டாதீர்கள் என்றார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீருக்குள் இறங்கினதும், ரஹீம் வேறொரு அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற நேரம் பார்த்து, ஜாக்கெட்டைக் கழற்றிப் படகுக் கயிற்றில் மாட்டிவிட்டார்.

"ஏங்க, அதக் கழட்டாதீக. அந்தாளு சொன்னது காதுல விழுகலையா?"

"அக்குளெல்லாம் அறுக்குது பரிமளா. கெணத்துல குதிச்சு வளந்தவன் இதப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா ஊர்ல சிரிப்பாக."

"இங்கன நம்ம ஊர்க்காரக யாரு இருக்காக சிரிக்க? போட்டாத்தான் என்ன?"

"உனக்குத்தான் நீச்சல் தெரியாது. நீ போட்டுக்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "போங்க, போயி முங்கிச் சாவுங்க, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் தினமும் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். புருஷன் பெண்டாட்டி நடுவில் இதெல்லாம் ஒரு பேச்சா. ஆனால் அந்த இடத்தில், அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு சொல்லியிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டேன். வைத்தால், அட, எல்லாக் கோபமும் எங்கே போனது என்று தெரியவில்லை. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி கூட்டமாக வந்து என் விரலைச் சுற்றிவிட்டுப் போயின. ஊதாப் பவளம், பச்சைப் பவளம், ஒரு ஆமை என்னைச் சட்டையே செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று எனக்கே தெரியாது. ரஹீம் விசில் ஊதின பிறகுதான் தலையைத் தூக்கினேன். எல்லாரும் படகில் ஏறினோம். அவர் தலையை எண்ணினார். மறுபடி எண்ணினார். என்னைப் பார்த்து, "சேட்டன் எவிடே?" என்றார், என் வீட்டுக்காரர் எங்கே என்று.

சுற்றிலும் பார்க்கிறேன், நீலத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ஜாக்கெட் போட்டிருந்தால் அந்த ஆரஞ்சுக் கலர் எங்கே இருந்தாலும் கண்ணில் பட்டிருக்கும். அது படகுக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ரஹீம் உடனே என்ஜினைப் போட்டுப் படகை அந்தத் திறப்புப் பக்கம் திருப்பினார். அங்கே தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "சேச்சி, பேடிக்கண்டா" என்றார். பயப்படாதே என்று சொல்கிற அவர் முகத்திலேயே ரத்தம் இல்லை. எனக்கு நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. என் வீட்டுக்காரர் கடைசியாக என் வாயிலிருந்து கேட்டது அதுதானா, இனி மகளிடம் நான் என்னவென்று போய்ச் சொல்வேன் என்று படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதேன். அந்த மனுஷன் இல்லாமல் எனக்கு ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான், பொய்யில்லை.

வளையத்தைத் தாண்டி வெளியே போய்த் தேடித்தேடி, அரை மணி நேரம் இருக்கும், ஒருவர்தான் "அங்க, அங்க" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் மல்லாக்க மிதந்துகொண்டிருந்தார். நம்பினால் நம்புங்கள், வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் படுத்திருப்பது மாதிரி கிடந்தார். இடது கை மட்டும் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் தூக்கினாற்போல இருந்தது. ரத்தம் எடுக்கும்போது நான் முழங்கையைத் தாங்கிப் பிடித்தால் எப்படி நீட்டியிருப்பார்களோ, அப்படி. படகு பக்கத்தில் போனதும் அந்தக் கை சட்டென்று தண்ணீருக்குள் விழுந்தது, ஆள் உள்ளே போக ஆரம்பித்தார். அதற்குள் ரஹீம் குதித்துவிட்டார்.

படகில் தூக்கிப் போட்டதும் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "நீ எப்பப் படகுல ஏறுன? இப்பத்தான இங்கன இருந்த?"

கரைக்கு வந்து, தென்னை நிழலில் படுக்கவைத்து, இளநீர் குடித்த பிறகுதான் முழுசாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் நீச்சல் பழகுவதெல்லாம் தோட்டத்துக் கிணற்றில்தான். எவ்வளவு பெரிய நீச்சல்காரனாக இருந்தாலும் நாலு வீச்சு வீசினால் சுவர் வந்துவிடும், படிக்கல்லைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நீந்துவார்கள். இவருக்கு அதே பழக்கம். மீன் பார்க்கிற ஜோரில் கொஞ்சம் களைத்துப்போய் நிமிர்ந்து பார்த்திருக்கிறார், தூரத்தில் பாறை வளையத்தின்மேல் அலை உடைகிற வெள்ளை நுரை நீளமாகத் தெரிந்திருக்கிறது.

"சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரியே இருந்துச்சு பரிமளா. அதப் புடிச்சுக் கொஞ்சம் நிக்கலாம்னு போனேன். போகப் போக வெலகிப் போகுது, திரும்பலாம்னு பாத்தா தண்ணி விட மாட்டேங்குது. கையக் கால ஒதறுறேன், எங்கிட்டாச்சும் செவரு தட்டுப்படாதான்னு தொழாவுறேன். அப்பத்தான நீ வந்து முழங்கையப் புடிச்ச."

"நானா?"

"பின்ன? தலமாட்டுல இருந்துக்கிட்டு, 'ஒதைக்காதீக, மல்லாக்கப் படுங்க. செவரு இல்ல, தேடாதீக'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தயே. வெயிலு மூஞ்சில அடிச்சுச்சு, கண்ணத் தொறக்க முடியல. நீ விடல பாரு, அதான் பொழச்சேன்."

எனக்கு நீச்சல் தெரியாது. நான் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைத் தேடினார் என்பதே அந்த நிமிடம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அங்கே சுகாதார நிலையத்து டாக்டர், பயத்திலும் களைப்பிலும் மூளை இப்படித்தான் ஏதாவது காட்டும் என்றார். நானும் ஆஸ்பத்திரிக்காரிதானே, அதையே பிடித்துக்கொண்டேன். ஆனால் என் வீட்டுக்காரர் விரலில் மாட்டிய கருவியை நானும் பார்த்தேன், ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. ஒரு மிடறு கடல் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. ரஹீமிடம் தனியாகக் கேட்டேன், ஜாக்கெட் இல்லாமல் அந்த இழுப்பில் ஒரு ஆள் அவ்வளவு நேரம் கிடக்க முடியுமா என்று. அவர் நெஞ்சில் கையை வைத்துக் கடலைப் பார்த்தார்.

கிளம்புகிற அன்று காலையில் நான் மட்டும் முழங்கால் தண்ணீரில் போய் நின்றேன். எங்கள் ஊராக இருந்தால் பூவோ மஞ்சளோ போட்டிருப்பேன், இங்கே எதையும் போடக் கூடாது. அதனால் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, அதையே திரும்ப விட்டேன். "ஆத்தா, நீ யாரோ எவரோ, நல்லாரு" என்றேன். பதினெட்டு வருடமாகக் கயிற்றைக் கழற்றச் சொன்ன வாயால்தான் சொன்னேன். வெட்கமாக இல்லை, நிம்மதியாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் அவர் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார், கடலுக்குள் வந்து பெண்டாட்டி காப்பாற்றினாள் என்று. நான் இல்லை, இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், அடக்கமாம் எனக்கு. லேபுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள்கூட, "நீங்கதான கடல்ல எறங்கி வீட்டுக்காரரத் தூக்கிட்டு வந்தீக?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறார்கள். யாருடைய பெயரையோ நான் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் காலையில் அவர் டீ குடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

இதோடு முடிந்திருந்தால் டாக்டர் சொன்னதையே நம்பிக்கொண்டு இருந்திருப்பேன். போன மாதம் தோட்டத்தில் கவாத்து. ஆள் பற்றவில்லை என்று நானும் லீவு போட்டுவிட்டுப் பந்தலுக்குக் கீழே நின்று கொடி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் வெட்டிக்கொண்டே, ஏதோ கடைக்குப் போன கதையைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏ பரிமளா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்குப் படகுச் சத்தம் கேட்டதும் கைய விட்டயே, விடும்போது ஒண்ணு சொன்ன பாரு. 'இனி அவ பாத்துக்கிருவா'ன்னு. யாரச் சொன்ன?"

வெட்டின கொடியைக் கீழே போட்டேன். "உங்க பொண்டாட்டியத்தான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விட்டார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தடவை இரண்டு கையையும் கூப்பி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.