வீட்டுக்குள் வந்த சமையலறை டொச்

மகளே, உன் வகுப்பில் கொடுத்த விளம்பரத் தாளைப் போன கிழமை பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினாய். அடுத்த வருஷம் நீ போக விரும்புகிற பள்ளிக்கூடத்தின் தாள் அது. ஐந்தாம் வகுப்பிலிருந்து பாதிப் பாடம் ஸ்பானிஷிலும் பாதிப் பாடம் இந்த ஜெர்மனி நாட்டு மொழியான டொச்சிலும் நடக்குமாம். இரண்டு மொழியோடு வளர்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாம். பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பின்பக்கத்தில் விண்ணப்பம். அதில் ஒரு கட்டம்: பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்த மொழிகள். மூன்று வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். நீ பென்சிலால் ‘டொச்’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய்.

தமிழை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அது கணக்கில வராதப்பா" என்றாய். கோபமும் இல்லை, கவலையும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாய்.

பிறகு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே ஒன்று கேட்டாய். பதினொரு வயது முடிந்ததற்கு வகுப்பில் கேக் வெட்டியபோது ஒருத்தி, மற்ற எல்லாருக்கும் பத்துத்தானே, நீ ஒரு வருஷம் பெயிலா என்று கேட்டாளாம். "நான் பெயில் விட்டனானோ அப்பா?" அம்மா என்னைப் பார்த்தா. நான் வேலைக்கு நேரமாகுது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டேன். அது பிழை. நீ சொன்னதற்கும் கேட்டதற்கும் பதில் ஒன்றுதான், அதை இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழை இருந்தால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்து நீயே திருத்து. தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டு.

நீ ஐந்து வயதில் வாய் மூடாத பிள்ளை. காலையில் சைக்கிளின் பின் இருக்கையில் உன்னை வைத்துக் கிண்டர்கார்டனுக்குக் கொண்டுபோவேன். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் ஒரு காகத்தின் கதை நடக்கும். டிக்கெட் எடுக்காமல் ட்ராமில் ஏறுகிற காகம். ஒவ்வொரு நாளும் பரிசோதகர் ஏறுவார், காகம் ஒரு புதுச் சாட்டுச் சொல்லித் தப்பும். சாட்டைச் சொல்வது உன் வேலை. ஒருநாள் காகம் தான் ட்ராமின் கூரையில் இருந்ததால் உள்ளே டிக்கெட் தேவையில்லை என்றது. நான் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது. எல்லாம் தமிழில். கிண்டர்கார்டன் வாசலில் இறங்கியதும் அதே வாயால் டொச்சில் கதைத்துக்கொண்டு உள்ளே ஓடுவாய். உனக்கு இடையில் ஒரு வேலியும் இருக்கவில்லை. வேலியை நாங்கள்தான் போட்டோம்.

அங்கே இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். இரண்டு பேரும் மணலில் இருந்து தமிழில் கதைப்பீர்கள். ஒருநாள் உன்னைக் கூட்டிவரப் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன். ஆசிரியை குனிந்து, விரலை உதட்டில் வைத்து, இங்கே டொச் மட்டும்தான் என்றா. நீங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்து மணலை அள்ளினீர்கள். அதே முற்றத்தில், ஐந்து அடி தள்ளி, ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு தாயின் மகன் ஊஞ்சலில் இருந்து ஸ்பானிஷில் கத்திக்கொண்டிருந்தான். அதே ஆசிரியை அவனிடம் போய் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லித் தா என்று கேட்டு, தானும் சொல்லிப் பார்த்துச் சிரித்தா. புதன்கிழமைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்பானிஷ் பாட்டு வேறு. நீயும் வீட்டுக்கு வந்து பாடினாய்.

எனக்கு அன்று கோபம் வரவில்லை. அதுதான் இன்று எனக்கு என் மீதே உள்ள கோபம். அவர்களின் மொழி விடுமுறைக்குப் போகிற ஊர்களின் மொழி, எங்கள் மொழி அகதி முகாமில் பதிந்த மொழி, அதனால் அப்படித்தான் இருக்கும் என்று என் மனம் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டது.

பிறகு பெற்றோர் சந்திப்புக்கு நாளும் நேரமும் குறித்துத் தெர்மின் தந்தார்கள். சின்னக் கதிரை, மேசையில் உன் பெயர் போட்ட கோப்பு. பிள்ளை இரண்டு மொழியையும் கலக்கிறாள், குழம்புகிறாள், பள்ளிக்கூடம் தொடங்க முதல் வீட்டில் தமிழை நிறுத்துங்கள், டொச் மட்டும் கதையுங்கள் என்றா அந்த ஆசிரியை. அவ கெட்ட ஆள் இல்லை. நீ விழுந்து முழங்கால் உரஞ்சினால் மருந்து போட்டு ஊதிவிட்டவ. நல்ல மனதோடுதான் சொன்னா.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, பிள்ளைகளே. கோப்பொன்றை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால், அவர் வாய் திறக்க முதல் எங்கள் தலை ஆடத் தொடங்கிவிடும். விசாவுக்கு ஆடிப் பழகிய தலை. நானும் ஆட்டினேன். "யா, யா" என்று டொச்சில் ஆமாம் போட்டேன். நன்றியும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சட்டம் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"இஞ்சேருங்கோ, எனக்கு டொச்சில கடைக்குப் போக ஏலும், டொக்டரிட்டப் போக ஏலும். பிள்ளையைக் கொஞ்ச ஏலாது."

"அவளின்ர நன்மைக்குத்தானே சொல்லுகினம்."

"அப்ப நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறன். நீங்க கதையுங்கோ."

சொன்னபடியே இருந்தா. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலிருந்தும் உன்னை நிற்பாட்டினேன். அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற ஒரு அண்ணை என்னை மெச்சினார். தன் பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது என்று பதக்கத்தைக் காட்டுவது போலச் சொல்கிறவர் அவர். "தமிழைப் படிச்சு இவள் என்ன, இந்தக் கார்ல்ஸ்ரூஹே ஊரில ட்ராமோ ஓட்டப் போறாள்?" என்றார். நான் சிரித்தேன். இன்று அந்தச் சிரிப்பை நினைத்தால் வாய் கசக்கிறது. நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்: தமிழ் தெரியாத உங்கட பிள்ளைகள் உங்களோடு எதில் கதைக்கினம் அண்ணை? அல்லது கதைக்கிறதே இல்லையோ?

இனி நான் சொல்லப் போவது எனக்கு வெட்கமான பகுதி.

எனக்குத் தெரிந்த டொச் கன்ரீன் சமையலறையில் படித்தது. பதினாறு வருஷமாக ஒரு பெரிய கன்ரீனில் நாளுக்கு எண்ணூறு சாப்பாடு போடுகிறோம். அங்கே யாரும் யாரோடும் கதைப்பதில்லை, கட்டளை போடுவார்கள். ‘ஷ்னெல்’ என்றால் கெதியாக, விரைவாக. ‘வெக்’ என்றால் தள்ளி நில். ‘ஹைஸ்’ என்றால் சுடும். அடுத்தது. காலி. துடை. இந்தச் சொற்களை வைத்து நான் வேலையைக் காப்பாற்றினேன், குடும்பத்தைப் பார்த்தேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே சொற்களோடு வீட்டுக்கு வந்து ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தகப்பனாக இருக்கப் பார்த்தேன். சாப்பிடு என்பதற்கு ‘ஷ்னெல்’. பக்கத்தில் வராதே என்பதற்கு ‘வெக்’. உனக்கு வலிக்கிறதா, ஏன் முகம் வாடியிருக்கிறது, இன்றைக்கு உன்னை யார் விளையாட்டில் சேர்க்கவில்லை என்றெல்லாம் கேட்க என்னிடம் டொச் இல்லை. ஆகவே கேட்கவில்லை. என் சொந்த வீட்டில் நான் மேற்பார்வையாளன் ஆனேன்.

காகமும் நின்றுபோனது. ட்ராம் என்பதற்கு டொச் தெரியும், டிக்கெட்டுக்குத் தெரியும். தந்திரத்துக்கும் கள்ளச் சிரிப்புக்கும் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு நிமிஷமும் சைக்கிள் சங்கிலிச் சத்தம்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பின்னாலிருந்து என் முதுகைத் தட்டி மெதுவாகக் கேட்டாய்.

"அப்பா எண்டு கூப்பிடலாமோ? இல்லாட்டி அதையும் டொச்சிலயோ?"

நான் அதை ஒரு பகிடியாக எடுத்து வேலையிடத்தில் சொல்லிச் சிரித்தேன். மகளே, அதை நீ பகிடிக்குக் கேட்கவில்லை.

ஏழு மாதம் அப்படிப் போனது. பிறகு பள்ளியில் சேர்க்க முதல் நடக்கிற சோதனைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் டொக்டர். நீ ஒற்றைக் காலில் நின்றாய், வட்டம் கீறினாய், எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு ஒரு படத்தை நீட்டினா. அடுப்பில் பானை, ஆவி பறக்கிறது, ஒரு தாய் கிண்டுகிறா, பக்கத்தில் ஒரு பிள்ளை, மேசைக்குக் கீழே பூனை. இதில் என்ன நடக்கிறது, ஒரு கதை சொல் என்றா.

நீ படத்தை நெடுநேரம் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். பிறகு அந்தத் தாயின் மேல் விரலை வைத்து, "ஹைஸ். வெக். ஷ்னெல்" என்றாய்.

என் குரல். என் குரலின் கடுப்புக்கூட அதில் இருந்தது. ட்ராமில் டிக்கெட் இல்லாத காகத்துக்கு நாளுக்கொரு சாட்டுக் கண்டுபிடித்த பிள்ளை, பூனையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

டொக்டர் இன்னொரு தடவை கேட்டா. நீ வாயை மூடிக்கொண்டாய். வீட்டில் எந்த மொழி என்று என்னிடம் கேட்டா. டொச் மட்டும் என்றேன். பெருமையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், குற்றத்தை ஒப்புக்கொள்வது போல வந்தது. அவ எழுதினா. சொல் வளம் குறைவு, நேரே முதலாம் வகுப்பு வேண்டாம், ஒரு வருஷம் ஆயத்த வகுப்பில் இருக்கட்டும். மணலில் உன்னோடு விளையாடிய தமிழ்ப் பிள்ளை அந்த வருஷமே பள்ளிக்குப் போனாள். அவளுடைய தாய்க்கும் இதே புத்திமதி சொன்னார்களாம், அவ கேட்கவில்லையாம்.

திரும்பி வரும்போது ட்ராமில் நீ டொச்சில் கேட்டாய், நான் நல்லாச் செய்தேனா என்று. என்னிடம் அதற்கு டொச் இருக்கவில்லை. "நீ வடிவாத்தான் செய்தனி, என்ர குஞ்சு" என்று தமிழில் சொன்னேன். நீ சந்தோஷப்படவில்லை. யாராவது கேட்டுவிட்டார்களோ என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாய்.

அந்தப் பார்வையை மன்னிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. உன் பார்வையை அல்ல. அதை உனக்குப் பழக்கியவர்களை. அதில் நானும் ஒருவன்.

அடுத்த நாள் ஆசிரியையிடம் போனேன். நீங்கள் சொன்னபடியே செய்தேன், இப்படி வந்திருக்கிறது என்றேன். அவ முகத்தில் உண்மையான கவலை இருந்தது. பிறகு சொன்னா: ஆனால் நீங்கள் சரியான டொச்சில் அல்லவா கதைத்திருக்க வேண்டும்!

கேட்டாயா? தமிழ் எனக்குச் சரியாக வரும், அதை நிறுத்தச் சொன்னார்கள். டொச் எனக்குப் பிழையாக வரும், அதைக் கதைக்கச் சொன்னார்கள். கதைத்த பிறகு, ஏன் பிழையாகக் கதைத்தாய் என்கிறார்கள். ஒரு மனிதனிடம் நல்ல கத்தியைப் பறித்து, மொட்டைக் கத்தியைக் கொடுத்து, ஏன் காய் சரியாக வெட்டுப்படவில்லை என்று கேட்டால் எங்கள் சமையலறையில்கூடச் சண்டை வரும். நான் சண்டை பிடிக்கவில்லை. மறுபடியும் "யா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: நீ பெயில் விடவில்லை. நான் ‘யா’ சொன்னேன். அதற்கு உன் வயதில் ஒரு வருஷம் போனது.

அன்று பின்னேரமே வீட்டில் அந்தச் சட்டத்தை நீக்கினேன், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் உன்னைத் திரும்பச் சேர்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை, "உங்கட சமையலறையை இனிச் சமையலறையிலயே விட்டிட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னா. காகம் திரும்பி வந்தது, ஆனால் சாட்டுகளை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நீ வாய் திறக்க இரண்டு மாதம் எடுத்தது.

மூன்று கிழமைக்கு முன் தங்கச்சிக்கு அதே சந்திப்பு. அதே சின்னக் கதிரை. வேறு ஆசிரியை, வயது குறைந்தவ, அதே புத்திமதி. என் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. கையால் பிடித்து நிறுத்தினேன் என்றே சொல்லலாம். எனக்குத் தெரிந்த பிழையான டொச்சில் சொன்னேன்: இல்லை. டொச்சை நீங்கள் நன்றாகக் கதைக்கிறீர்கள், அதை நீங்கள் கொடுங்கள். தமிழை நான் நன்றாகக் கதைக்கிறேன், அதை நான் கொடுக்கிறேன். அவ கோப்பில் எதையோ எழுதினா. என்ன எழுதினீர்கள், வாசியுங்கள் என்று கேட்டேன். பெற்றோர் ஒத்துழைக்க மறுக்கிறார்கள் என்று வாசித்தா, கொஞ்சம் சிவந்துபோய். அதை வெட்டுங்கள், பெற்றோர் வீட்டில் தமிழ் கதைக்கிறார்கள் என்று எழுதுங்கள் என்றேன். எழுதும்வரை நான் எழும்பவில்லை. முழங்கால் நெஞ்சில் இடிக்கிற அந்தக் கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டினா. எழுதினா.

நீ ஸ்பானிஷ் படிக்கப் போவது எனக்குச் சந்தோஷம். படி. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் ஸ்பானிஷ் உன் இரண்டாவது மொழி இல்லை, மூன்றாவது. உனக்காக அந்தக் கட்டத்தை நான் நிரப்ப மாட்டேன். உன் வாயில் எது இருக்க வேண்டும் என்று ஒருதரம் நான் தீர்மானித்தது போதும். தாளைப் பிரிட்ஜிலேயே விட்டிருக்கிறேன். பென்சில் அழிந்துபோகும், அதனால் மேசையில் பேனை வைத்திருக்கிறேன்.